இந்துப்ரியாவுக்கு செக்கப்

ராத்திரி தூக்கம் எப்படி என்று டாக்டர் கேட்டார்.

"நல்லாத் தூங்குவா மேடம். ஒருக்களிச்சுத்தேன் படுப்பா" என்றார் கிரிதரன்.

அவருடைய மகள் இந்துப்ரியா திறந்த வாயை மூடிக்கொண்டாள். வயது முப்பத்தொன்று. உயர் நீதிமன்றக் கிளையில் வக்கீல். எதிர்த் தரப்பு எழுந்து நின்றாலும் பேச்சை விடாதவள் என்று அங்கே பெயர்.

டாக்டர் அறையில் மட்டும், அப்பா கூட இருந்தால், அவளுக்கு வாய்ப்புக் கிடைத்ததில்லை.

பிறக்கும்போதே இதயத்தில் ஓட்டை. நாலு வயதில் ஆபரேஷன். அதிலிருந்து வருடா வருடம் குழந்தைகள் பிரிவில் செக்கப். அங்கிருந்த பழைய டாக்டர் அவளை வேறொருவரிடம் அனுப்ப மனமில்லாமல், போன வருடம் ஓய்வு பெறும்வரை தானே பார்த்தார். யானை வரைந்த சுவருக்குக் கீழே, முழங்கால் முகவாயை இடிக்கும் குட்டி நாற்காலியில், வக்கீல் கோட்டோடு உட்கார்ந்திருப்பாள். நர்ஸ் "பாப்பா வரலாம்" என்பார். எழுந்து போவாள். பின்னாலேயே அப்பா, எல்லாப் பதில்களோடும்.

இப்போது பெரியவர்கள் பிரிவு.

கிரிதரனுக்கு அது பிடிக்கவில்லை. சுவரில் யானை இல்லை. புகை பிடித்தால் என்ன ஆகும் என்று ஒரு படம்தான் இருந்தது. டாக்டர் ரம்யாஸ்ரீயையும் பிடிக்கவில்லை. காலேஜ் பிள்ளை மாதிரி இருக்கிறது, இதற்கு என்ன தெரியப்போகிறது என்று, வீட்டில் பேசும் சௌராஷ்டிரத்தில் மகளிடம் முணுமுணுத்தார்.

தனக்கு முப்பத்தொன்பது முடிந்துவிட்டது என்று டாக்டர் அதே சௌராஷ்டிரத்தில் சொன்னார்.

கிரிதரன் கொஞ்ச நேரம் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறதா என்று டாக்டர் கேட்டார்.

"அவளா? கோர்ட்டு மாடியெல்லாம் தடதடன்னு ஏறிருவா. நாந்தேன் பாதியில நின்னு, போன் பாக்குற மாதிரி பாவலா காட்டிட்டு வாரேன்."

எத்தனையாவது படியில் நிற்பீர்கள் என்று டாக்டர் கேட்டார். பன்னிரண்டு என்றார். போன வருடம்? நின்றதே இல்லை. கை வலிக்குமா? இடது கை மட்டும். அது இவளுடைய இருபத்தேழு வருட ஃபைல்களைக் கட்டைப்பையில் தூக்கித் தூக்கி வந்தது. வியர்க்குமா? சிம்மக்கல்லில் தன் நூல் கடைக்குள் உட்கார்ந்து பார்த்தால்தான் தெரியும்.

டாக்டர் ஒன்று விடாமல் எழுதிக்கொண்டார். கிரிதரனுக்கு அவர் மேல் மரியாதை வந்துவிட்டது. பழைய டாக்டர் இதில் பாதியைக்கூட எழுதமாட்டார். பெற்றவனிடம் இப்படி விசாரித்தால்தானே பிள்ளையின் நோய் பிடிபடும். அந்தக் குஷியில், காலையில் ஷட்டரைத் தூக்கும்போது நெஞ்சின் மேல் ஆள் ஏறி உட்கார்ந்த மாதிரி இருப்பதையும் சேர்த்துச் சொன்னார்.

இந்துப்ரியா மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

ஈசிஜி எடுத்துவிடலாம் என்றார் டாக்டர்.

கிரிதரன் எழுந்து மகளுக்கு வழிவிட்டு நின்றார். நர்ஸ் முத்துமீனா திரையை விலக்கி, சீட்டைப் பார்த்துப் பெயர் வாசித்தார். கிரிதரன், வயது அறுபத்துமூன்று.

அது தகப்பன் பெயர், தவறி மேலே எழுதிவிட்டீர்கள், பேஷண்ட் பெயர் இந்துப்ரியா என்று அவர் பொறுமையாகத் திருத்தினார்.

"அந்த அக்கா போன மாசமே தனியா வந்து காட்டிட்டுப் போயிட்டாங்களே சார். இன்னைக்கு உங்களுக்குத்தேன்."

அவர் மகளைப் பார்த்தார். ஆறு மாதமாக அவள் எத்தனை முறை கூப்பிட்டும், வெறும் வாயு என்று சோடாவைக் குடித்துத் தட்டிக் கழித்தவர். எனக்குச் செக்கப், வாங்கப்பா என்று நேற்று அவள் சொன்னதும், மறு பேச்சில்லாமல் கடைக்கு லீவு விட்டு வந்திருந்தார்.

சட்டையைக் கழற்றிவிட்டுப் படுத்தார். நெஞ்சில் ஒயர்களை ஒட்டினார்கள். அசையக் கூடாது, பேசவும் கூடாது என்றார் நர்ஸ்.

பேசினார். கோடு கோணிக்கொண்டு ஓடியது. காகிதத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு மறுபடி ஆரம்பித்தார்கள். மறுபடியும் பேசினார். அதே கேள்விதான்.

"போன மாசம் உனக்கு என்ன சொன்னாங்க?"

நன்றாக இருக்கிறதாம், இனி அடுத்த வருடம் வந்தால் போதுமாம் என்றாள் இந்துப்ரியா.

அதற்குப் பிறகு அவர் பேசவில்லை.

மூன்றாவது காகிதத்தை டாக்டர் வெகுநேரம் பார்த்தார். பிறகு அட்மிஷன் படிவத்தை மகள் பக்கம் நகர்த்தி, எந்த இடத்தில் கையெழுத்துப் போட வேண்டும் என்று காட்டினார்.