இரண்டு வாரம் பொறுங்க

"எந்த மடையன் உங்களை ரெண்டு வாரம் பொறுக்கச் சொன்னான்?"

டாக்டர் பியோ மேசையில் அடித்த அடியில் பேனா உருண்டு தரையில் விழுந்தது.

இன்சுக் குனிந்து பேனாவை எடுத்து மேசையில் வைத்தாள். மகளின் தோளில் வைத்த மற்றக் கையை எடுக்கவில்லை. தீவில் கடல்பாசி உலர்த்தும் ஆலையில் வேலை செய்பவள். விடிகாலைப் படகைப் பிடித்து, கரையிலிருந்து பேருந்தில் மொக்போ நகரத்தில் இருக்கும் எங்கள் மருத்துவமனைக்கு வந்திருந்தாள். விரல் இடுக்குகளில் இன்னும் பாசியின் கறுப்பு.

மகள் நாரேவுக்குப் பன்னிரண்டு வயது. பள்ளி ஹேண்ட்பால் அணியில் கோல் காப்பவள். ஒன்பது நாட்களுக்கு முன் எதிரணிப் பெண்ணின் முழங்கை அவள் இடது கண்ணில் இடித்திருந்தது.

பார்த்தால் ஒன்றுமே தெரியாது. வீக்கம் இல்லை. கன்றிப் போகவில்லை. கண்ணின் வெள்ளை சிவக்காமல் பால் போல இருந்தது.

ஆனால் டாக்டரின் முகத்தைப் பார்க்க அவள் தாடையையே தூக்க வேண்டியிருந்தது. தலையை அசைக்காமல் மேலே பார்க்கச் சொன்னோம். வலது கண் ஏறியது, இடது கண் நின்ற இடத்திலேயே நின்றது. அடுத்த நொடி என் கையிலிருந்த கிண்ணத்தில் வாந்தி எடுத்தாள்.

டாக்டர் ஸ்கேன் படத்தை விரலால் குத்திக் காட்டினார்.

"பெரியவங்களுக்குக் கண்ணுக்கு அடியில இருக்கற எலும்பு உடைஞ்சு சிதறும்மா. வீக்கம் வடியட்டும்னு ரெண்டு வாரம் விடலாம். குழந்தை எலும்பு பச்சைக் குச்சி. விரிஞ்சிட்டு, மறுபடி மூடிக்கும். மூடும்போது கண்ணு தசையையும் சேத்துக் கவ்வும். கதவு இடுக்குல விரல் மாட்டுன மாதிரி. அதுல ரத்தம் ஓடாது. ஒரு நாள், மிஞ்சிப் போனா ரெண்டு நாளுக்குள்ள எடுத்துவிட்டாகணும். நீங்க ஒம்பது நாள் கழிச்சுக் கூட்டிட்டு வந்திருக்கீங்க!"

"தப்புதான் டாக்டர்."

"உங்க தப்பு இல்ல. சொன்னவன் தப்பு. தீவு ஆரம்ப சுகாதார நிலையத்துல ஒரு சின்னப் பையன் டாக்டர் இருப்பானே, அவனா? பேரச் சொல்லுங்க. இன்னிக்கே மேலிடத்துக்கு எழுதறேன்."

"அவர் இல்ல. அவர் பாவம், எங்களுக்காக யார் யாரையோ கேட்டார்."

"அப்ப யாரு?"

இன்சுக் தரையைப் பார்த்தாள். "ஞாபகம் இல்ல டாக்டர்."

அவர் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். மதியம் வைத்திருந்த மூன்று நோயாளிகளையும் நாளைக்கு மாற்றச் சொன்னார். இந்தப் பெண்ணை இப்போதே உள்ளே எடுக்க வேண்டும் என்று கத்திக்கொண்டே போனார்.

எனக்கும் அவள் மேல் எரிச்சல்தான். பிள்ளையின் கண் போகிறது, இவள் யாரையோ காப்பாற்றுகிறாளே என்று.

சம்மதப் படிவத்தில் கையெழுத்து வாங்கும்போது கேட்டே விட்டேன்.

"ஒன்பது நாளா வாந்தி எடுத்த பிள்ளைம்மா. அப்படி எப்படி மறந்துபோகும்?"

அவள் கையெழுத்தை முடித்தாள். பேனாவை மூடி என்னிடம் கொடுத்தாள். அப்போதுதான் அவள் முகத்தைச் சரியாகப் பார்த்தேன். பணிவு என்று நான் நினைத்திருந்தது பணிவே இல்லை. பல்லைக் கடித்ததில் தாடை எலும்பு துடித்துக்கொண்டிருந்தது.

"மறக்கல நர்சம்மா. ஃபோனை ஸ்பீக்கர்ல போட்டுத்தான் எங்க டாக்டர் பேசினார். கண்ணு வெள்ளையா இருக்கு, வீக்கம் இல்ல, வாந்தி மட்டும்தான்னு சொன்னார். அந்தப் பக்கத்துலேர்ந்து, அதெல்லாம் தலையில அடிபட்டா வரும், ரெண்டு வாரம் பொறுத்து அனுப்புன்னு பதில் வந்துச்சு. வயசு என்னன்னு ஒரு வார்த்தை கேக்கல. எங்க டாக்டர் சொல்ல வாயைத் திறந்தார். அதுக்குள்ள ஃபோனை வச்சாச்சு."

"யாரு பேசினது?"

"எங்க டாக்டர் பியோ டாக்டர், பியோ டாக்டர்னு நாலு தடவை கூப்பிட்டார். எனக்குக் காது நல்லாத்தான் கேக்கும்."

நான் குரலைத் தாழ்த்தினேன்.

"உள்ளயே சொல்லியிருக்கலாமேம்மா."

"சொல்லிட்டு? இன்னும் ஒரு மணி நேரத்துல என் பிள்ளை கண்ணுக்குள்ள கத்தி வைக்கப்போற கை அது. நடுங்கிச்சுன்னா? நீங்களும் வாயைத் திறக்காதீங்க."

நான் திறக்கவில்லை.

ஒன்றே முக்கால் மணி நேரம். இன்சுக் காத்திருப்பு வரிசையில் முதுகு சாயாமல் உட்கார்ந்திருந்தாள். வாங்கிக் கொடுத்த பார்லி டீ அப்படியே ஆறிப்போனது.

டாக்டர் வெளியே வந்து முகக்கவசத்தை இறக்கினார். சோர்ந்திருந்தார். குரலில் பழைய சூடு இல்லை.

"தசையை விடுவிச்சாச்சும்மா. கருத்துப் போயிருந்துச்சு. எடுத்துவிட்டதும் பாதிக்கு மேல நிறம் திரும்பிச்சு. நேராப் பாக்கறதுக்குப் பிரச்சினை இருக்காது. மேல பாத்தா ரெண்டு ரெண்டா தெரியலாம். அது போகுமா போகாதான்னு ஆறு மாசம் கழிச்சுத்தான் சொல்ல முடியும். பந்தெல்லாம் இப்போதைக்கு மறந்துருங்க."

இன்சுக் எழுந்து, இடுப்பு வளைய அவரை வணங்கினாள். நிமிர்ந்தபோது குரல் மாறியிருந்தது.

"எல்லாம் முடிஞ்சுதா டாக்டர்? மறுபடி உள்ள போற வேலை எதுவும் இல்லியே?"

"இல்லம்மா. தையல் போட்டாச்சு."

அவள் பக்கத்து நாற்காலியிலிருந்த பையை எடுத்துத் தரையில் வைத்தாள்.

"அப்ப இப்படி உக்காருங்க."

அவர் புரியாமல் உட்கார்ந்தார். என்னைப் போகச் சொல்லிக் கண்ணைக் காட்டினார்.

நான் போகவில்லை. இன்சுக் சொன்னபோதுதான் எனக்கே ஞாபகம் வந்திருந்தது. ஒன்பது நாட்களுக்கு முன், அறுவை அறை வாசலில் அவர் கை கழுவிக்கொண்டிருந்தபோது, அந்த ஃபோனை அவர் காதில் பிடித்துக்கொண்டிருந்தவள் நான்தான்.