செருப்புக் கழற்றிய கால்

சுனாமி வந்துபோன ஆறாம் நாள். மரக்காணத்துக்கு எதிரே நிற்கும் கடற்படைக் கப்பலின் மேல்தளத்தில், அதிகாரிகளின் குடும்பங்கள் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, திருவிழாவுக்கு வந்ததுபோல் கரையை வேடிக்கை பார்க்கின்றன. நிவாரண மூட்டைகளைக் கரைக்கு ஏற்றிப்போகும் தட்சணாமூர்த்தியின் படகில், கரையைப் பக்கத்திலிருந்து படமெடுக்க ஆசைப்பட்டு ஓர் அதிகாரியின் மனைவி செருப்போடு இறங்குகிறாள். “செருப்ப கழட்டுங்கம்மா. கடலம்மா மேல போற போட்டு இது.” “இவ்ளோ பேரைக் கொன்னப்புறமும் அம்மாவா?” சிரித்துக்கொண்டே கழற்றுகிறாள். ஈரப் பலகையில் பழைய மீன்செதில்கள் வெயிலுக்கு மின்னுகின்றன. மகாராணிக்குக் கால் வைக்க இடமில்லை. முகத்தைச் சுளித்து, பிரிந்துகிடக்கும் மூட்டையிலிருந்த புடவைகள்மேல் சிவப்புச் சாயம் பூசிய பாதங்களைத் தூக்கி வைத்துக்கொள்கிறாள். தட்சணாமூர்த்தி இன்ஜினை நிறுத்துகிறான். “கால எடுங்கம்மா. அதுல ஒண்ணத்தான் எம் பொண்டாட்டி கட்டணும்.”