வெங்காயப் பாத்தி

என் பெயர் முனாஸ். வயது இருபத்து மூன்று. ஊர் சாய்ந்தமருது. நிற்பது ருமேனியாவில், பனி இன்னும் முழுதாகக் கரையாத ஒரு மலைப்பாதையில். நான் சொல்லச் சொல்ல போன் எழுதுகிறது. மூச்சு வாங்குவதால் பிழை வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

காலையில் மரியா கிழவியின் தோட்டத்தில் ஆப்பிள் மரங்களின் அடியில் சுண்ணாம்பு பூசிக்கொண்டிருந்தேன். குளிர் குறையத் தொடங்கியதும் இந்தச் சின்ன ஊரில் எல்லா வீட்டிலும் அதுதான் முதல் வேலை. அப்போது உம்மா போனில் வந்தார், மூக்கைச் சீந்திக்கொண்டு.

“மகன், அல்லாவுக்காக உண்மையச் சொல்லு. அந்தக் கபுறுக்குள்ள ஆரு?”

“என்ன கபுறும்மா?”

ஒரு படம் வந்து விழுந்தது. இங்கே என்னோடு வேலை செய்கிற மச்சான் சப்ரியின் போனிலிருந்து முந்தாநாள் அவர் மனைவி, என் அக்கா றுஸ்னா ராத்தாவுக்கு வந்த படமாம். கூட ஒரு சொல்லும் இல்லை. அதற்குப் பிறகு புருசனின் போன் ஓஃப் என்று ராத்தா சாப்பிடாமல் கிடக்கிறாளாம்.

படத்தைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆள் நீளத்துக்கு உயர்த்திய மண். தலைமாட்டில் ஒரு பலகை, கால்மாட்டில் ஒரு பலகை. மேலே நாலு பச்சை. நம்மூர் மையவாடியில் ஆளைப் புதைத்து, மீசான் கட்டை நட்டுச் செடி குத்திய புதுக் கபுறு அப்படியேதான் இருக்கும்.

“உம்மா, அது வெங்காயப் பாத்தி! பனித்தண்ணி தேங்கி அழுகும் எண்டு மண்ண உசத்திப் போடுற. பலகை நூல் கட்டி நேரா நடுறத்துக்கு. மச்சான் தன்ட கையால போட்டது.”

“அப்ப அவர ஒருக்கா கதைக்கச் சொல்லு.”

“மேல ஆட்டுப் பட்டிக்குப் போயிருக்காரு. ரெண்டு நாள் வேலை. அங்க சிக்னல் இல்லம்மா.”

இரண்டு நாள் வேலைக்கு மச்சான் பெரிய பையை இழுத்துக்கொண்டு போனது நினைவுக்கு வந்தது. மேலே குளிர் கூட, உடுப்பு வேண்டும்தானே என்று விட்டுவிட்டேன்.

பக்கீர் மாமா போனைப் பறித்தார். “டேய், எங்கள மடையனாக்காத. ருமேனியாவுல மரம் வெட்டுற இடத்துல ஒரு இலங்கைப் பொடியன் மவுத்து எண்டு பேஸ்புக்ல கிடக்கு. ராத்தாட மனசுக்குப் பயந்து நீ மறைக்கிறாய்.”

“மாமா, வெங்காயம் மாமா!”

“வெங்காயத்துக்கு ஆருடா மீசான் கட்டை நடுற? இஞ்ச பாரு, பின்னேரம் அஸர் தொழுகை வரைக்கும் பாப்பம். அவன்ட சத்தம் கேக்காட்டி பள்ளியில காயிப் ஜனாஸா தொழுவிக்கிற எண்டு முடிவு. றுஸ்னாக்கு வெள்ளைச் சீலையும் எடுத்தாச்சு.”

இறந்தவரின் உடல் இல்லாமலே அவருக்காகத் தொழுகிற தொழுகை அது. தொழுதுவிட்டால் ஊர்க் கணக்கில் மச்சான் மவுத்து. ராத்தா வெள்ளை உடுத்து, நாலு மாதத்துக்கு மேல் ஓர் அறைக்குள் இத்தா இருக்க வேண்டும். அவளுக்கு இருபத்தாறு வயது.

மாமாவின் முதுகுக்குப் பின்னாலிருந்து அவள் குரல் கேட்டது. “தம்பி... மெய்யாவே வெங்காயமாடா?”

சுண்ணாம்புத் தூரிகையை எறிந்துவிட்டு ஓடினேன்.

பாதை முழுக்க உருகிய பனியும் சேறும். இரண்டு இடத்தில் சறுக்கி விழுந்தேன். பிளம்ஸ் மரத்தில் கொப்பு நறுக்கிக்கொண்டிருந்த ஒரு கிழவன் என் முகத்தைப் பார்த்துவிட்டு, கேட்காமலே கத்தரிக்கோலால் பட்டிக்கு வழி காட்டினான். ஊர் நேரம் இங்கத்தைய நேரத்தைவிட முந்தி; அங்கே அஸருக்கு வாங்கு சொல்ல அதிக நேரம் இல்லை.

பட்டி வீட்டுப் புகைபோக்கியில் புகை. முற்றத்தில் மச்சான் விறகு கொத்திக்கொண்டு நின்றார், உயிரோடு, வியர்வையோடு. பாய்ந்து கட்டிப்பிடித்தேன்.

“அல்ஹம்துலில்லாஹ்! மச்சான், கெதியா வாங்க, சிக்னல் இருக்கிற வளைவுக்குப் போவம். ஊருல உங்கள மவுத்தாக்கிட்டாங்க! ராத்தாக்கு வெள்ளைச் சீலை எடுத்துட்டாங்க!”

எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினேன். அவர் சிரிப்பார் என்று நினைத்தேன். கோடரியை மெதுவாகக் கீழே வைத்தார்.

வீட்டுக் கதவு திறந்தது. செம்பட்டை முடிக்காரி ஒருத்தி, நிறைமாத வயிறு, வந்து தன் கம்பளியை அவர் தோளில் போட்டாள். அவர் அதை விலக்கவில்லை.

“அந்தப் படத்த நான் சும்மாவா அனுப்பினன்?” என்றார்.

நான் ஓரடி பின்னால் போனேன்.

“யோசிச்சுப் பாரு மச்சான். உட்டுட்டுப் போன புருசன் எண்டா ஊரு அவளத்தான் கதைக்கும், அவளுல என்ன குறை எண்டு. மவுத்தான புருசன் எண்டா ஒருத்தனும் வாய் துறக்க மாட்டான். இத்தா முடிய அவளும் ஒரு வாழ்க்கையப் பாப்பாள். நீ கீழ போய், ஓம், கபுறுதான் எண்டு ஒரு சொல்லு சொன்னாப் போதும்.”

“அவ அழுறா மச்சான்.”

“அழட்டும். அஸருக்கு இன்னும் எவ்வளவு நேரம் கிடக்கு?”

“கிட்டத்தான்.”

சப்ரி பக்கத்தில் கிடந்த மரக்குற்றியைத் துடைத்துக் காட்டினான். “அப்ப தொழுது முடியட்டும். இரி, தேத்தண்ணி குடிச்சிட்டுப் போ.”

நான் இருக்கவில்லை. இந்த வளைவு வரைக்கும் ஓடி வந்து எடுத்தால் ஒருவரும் போனைத் தூக்குகிறீர்கள் இல்லை. ஆண்கள் எல்லோரும் பள்ளிக்குப் போயிருப்பீர்கள். வீட்டில் அழுகைச் சத்தத்தில் மணி கேட்காது.

அதனால்தான் இதை ஊர்ப் பேஸ்புக் பக்கத்தில் போடுகிறேன். இதை வாசிக்கிற ஆராவது பள்ளிக்கு ஓடி அந்தத் தொழுகையை நிப்பாட்டுங்க.