தொட்டிக்குள் ஒரு கட்டைவிரல்

டர்போ காருக்கென்று அளவெடுத்துச் செய்த, இன்ஜினுக்குப் போகும் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர், ஒழுகுகிறதா என்று பார்க்கத் தண்ணீர்த் தொட்டியில் மூழ்கிக் கிடக்கிறது. உள்ளே காற்று ஏற ஏற, மூலையில் பற்றவைத்த இடத்திலிருந்து குமிழிகள் கிளம்புகின்றன. கார்க்காரர் குனிவதற்குள் பட்டறை முதலாளி கையை விட்டு அந்தத் துளையைக் கட்டைவிரலால் அமுக்கிக்கொள்கிறார். “பாத்துக்கங்க சார், ஒரு குமிழி வருதா?” “இல்லையே! அப்ப நாளைக்குப் பந்தயத்துல ஓட்டலாமா?” “கண்ண மூடிட்டு ஓட்டுங்க.” தண்ணீரில் எண்ணெய்ப் படலம் நெளிகிறது, ஊறிப்போன சிகரெட் துண்டு ஒன்று முதலாளியின் மணிக்கட்டில் ஒட்டுகிறது. பற்றவைத்தவன் அவருடைய மச்சினன். அடியில் வெளுத்துத் தெரியும் அந்த விரலையே அவன் பார்க்கிறான். துளை விட்டது அவன் கைதான். “மச்சான், விரல எடுங்க, ஓட்டத்துல பொளந்துரும்” என்று காதோரம் சொல்கிறான். “வாய மூடிக்கிட்டு நில்லுடா.” அவன் வாயை மூடிக்கொள்கிறான். காற்றுக் குழாயின் திருகை மட்டும் முழுவதுமாகத் திறந்துவிடுகிறான். விரலின் இருபுறமும் குமிழிகள் பொங்குகின்றன.