ஈர விறகும் ஊதாப் பொறியும்

மூன்றாவது முறையும் பொறி வரவில்லை.

ராசையா உலைக்கு முன்னால் குந்தி, பார்வைத் துவாரத்தில் கண்ணை வைத்தபடி இருந்தார். உள்ளே இருட்டு.

இருபத்திரண்டு வருடமாக இந்தத் தேயிலைத் தொழிற்சாலையில் நெருப்புப் போடுகிறவர் அவர். மழை மாதங்களில் ஈர விறகு அவரைப் படுத்தாத பாடில்லை. இங்கே விறகுப் புகையைக் குழாய் வழியே கொண்டுவந்துதான் எரிப்பார்கள். விறகு நனைந்திருந்தால் சுவாலை குழாய் வாயை விட்டு எகிறி, பொக்கென்று அணைந்துவிடும். மேலே காய்ந்துகொண்டிருக்கும் தூள் அவிந்து வீணாகும்.

அந்தச் சுவாலையைப் பிடித்து நிறுத்தத்தான் சுதர்ஷினி ஒரு கம்பியைக் கொண்டுவந்து குழாய் வாயில் பொருத்தியிருந்தாள். ராகலைப் பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளை, பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்கிறாள். கம்பி நுனியில் மின்சாரம் ஊதா நிறத்தில் பொரிந்தால், ஈரப் புகையும் அங்கேயே பற்றிக்கொண்டு நிற்குமாம். வெறும் சூட்டினால் இல்லையாம், மின்சாரம் புகையையே உடைத்துப் போடுவதாலாம்.

புகையை எப்படி உடைப்பது? நேற்றுச் சோதனையில் அந்த ஊதாவை அரை நிமிடம் பார்த்ததிலிருந்து ராசையாவுக்குச் சோறு இறங்கவில்லை.

இத்தனைக்கும் அது ஓடினால் அவருக்குத்தான் நட்டம் வரலாம். மழைக்காலத்தில் உலைக்கு மூன்று பேர் வேண்டும். சுவாலை தானாக நின்றால் இரண்டு பேர் போதும். யார் பெயரில் எச்சரிக்கைக் கடிதம் இருக்கிறதோ அவர்தான் முதலில் வெளியே போவார் என்று ஏற்கெனவே சொல்லிவிட்டார்கள்.

"இன்னும் பத்து நிமிசம். இல்லன்னா கழட்டிருங்க" என்றார் டீமேக்கர். தொழிற்சாலைக்குப் பொறுப்பாக வந்து இரண்டு வாரம்கூட ஆகாத மனிதர்.

சுதர்ஷினி ஒவ்வொரு வயராகத் தடவிப் பார்த்தாள். அவளுடைய இரண்டு வருட உழைப்பு அந்தப் பத்து நிமிடத்தில் தொங்கியது.

ராசையாவின் மூக்கில் ஏதோ தட்டியது. புகை வாசமும் தூள் வாசமும் அவருக்குப் பழகியவை. இது வேறு. சந்தனம் கருகும் வாசம்.

விடுவாரா? டார்ச்சை எடுத்துக்கொண்டு கம்பியின் பின்பக்கம் தலையை நுழைத்தார். கம்பியைத் தாங்கும் வெள்ளைப் பீங்கானில், யார் கண்ணிலும் படாத இடத்தில், ஈரச் சந்தனப் பொட்டு. நடுவில் குங்குமம். அதிலிருந்து ஒரு கரிக்கோடு ஊர்ந்து இரும்பு வரைக்கும் போயிருந்தது.

அட, இதுதானா. மின்சாரம் நுனிக்குப் போய்த் தாவாமல், ஈரத்தைப் பிடித்துக்கொண்டு குறுக்கு வழியில் இறங்கியிருக்கிறது. புரிந்த சந்தோசத்தில் அவருக்குச் சிரிப்பே வந்துவிட்டது.

டீமேக்கரும் குனிந்து பார்த்துவிட்டார்.

"யாரு பொட்டு வச்சது? எதையும் பூசக் கூடாதுன்னு இந்தப் புள்ள நோட்டீஸ் ஒட்டியிருக்கே, கண்ணு தெரியலையா?"

சுதர்ஷினி வாயைத் திறப்பதற்குள் ராசையா முந்திக்கொண்டார்.

"நான்தாங்க ஐயா. வெள்ளிக்கெழம பழக்கம், கை தானா போயிருச்சு."

டீமேக்கர் அங்கேயே நின்றபடி எச்சரிக்கைக் கடிதத்தை எழுதி நீட்டினார். ராசையா கையெழுத்துப் போட்டு, அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். பிறகு சுவிட்ச் அணைந்திருக்கிறதா என்று ஒருமுறைக்கு இருமுறை பார்த்துவிட்டு, துணியை எடுத்துப் பீங்கானை அழுத்தித் துடைத்தார்.

சுவிட்சைப் போட்டதும் கம்பி நுனியில் ஊதா பொரிந்தது. ஈரப் புகை தயங்கி, பற்றி, குழாய் வாயிலேயே நின்றது. பத்து நிமிடம். இருபது நிமிடம். எகிறவில்லை. டீமேக்கர் தலையை ஆட்டிவிட்டு மேலே போனார்.

சுதர்ஷினி பக்கத்தில் வந்து நின்றாள். கண் கலங்கியிருந்தது.

ராசையா துவாரத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"எங்க வீட்டுல மாதாவுக்கு மெழுகுதிரிதான் மிஸ், சந்தனம் ஏது? அடுத்த வெள்ளிக்கி வைக்கிறதா இருந்தா இரும்புல வைங்க. பீங்கான்ல வேணாம்."