அடிமூடியில் ஒரு நம்பர்

"ஏப்பா பங்காரு, எந்த வாயில இதை நல்ல டார்ச்சுன்னு சொல்லி வித்தே?"

பொங்கியண்ணன் டார்ச்சை மேசையில் அறைந்த அறையில் அதன் கண்ணாடி கழன்று உருண்டது. சைக்கிள் பெல்லிலிருந்து லாந்தர் திரி வரை விற்கும் அன்னூர்க் கடை அது. கடைக்காரன் பங்காரு தலையைக் குனிந்துகொண்டான்.

டார்ச் வாங்க வந்திருந்த சென்னிமலை பதறிப்போனார். "என்னங்க ஆச்சு?"

"என்ற புள்ளை சாந்தாமணியை இந்த ஊர்லதானுங்க கட்டிக் குடுத்திருக்குது. பைக்காரா பவர்ஹவுசுல இருந்து டவுனுக்குக் கரண்டு வந்துபோட்டுது, இங்க தோட்டத்துக்கு வந்துதா? முந்தாநேத்து பொழுது உழுந்தப்பறம் தண்ணி திருப்பப் போயிருக்கறா. கெணத்து மேட்டுல இந்தச் சனியன் பொட்டுன்னு அவிஞ்சுபோச்சு. உள்ளார படிக்கல்லு மேல உழுந்து, இடுப்பு ஒடிஞ்சு ஆஸ்பத்திரியில கெடக்கறா. இனி எந்திரிச்சு நடப்பாளான்னு டாக்டருக்கே தெரியலீங்க."

பொங்கியண்ணன் எட்டிப் பங்காருவின் சட்டையைப் பிடித்தார். அவன் விலக்கக்கூட இல்லை.

சென்னிமலை டார்ச்சைத் திருப்பிப் பார்த்தார். அடிமூடியில் 'பேட்டண்ட்' என்று இங்கிலீஷில் குத்தி, கீழே நம்பரும் போட்டிருந்தது.

"சீமைக் கம்பெனி பேட்டண்ட் நம்பர் இருக்குதுங்களே. இதைப் பாத்துத்தானே ஒரிஜினல்னு நம்பி வாங்கறோம்?"

"அதைப் பாத்துத்தான் என்ற புள்ளையும் ஏமாந்துட்டா. உள்ள பாருங்க. பித்தளை இருக்கோணும், தகரத்தை வெட்டிப் போட்டிருக்குது. ஈரம் பட்டாத் துரு ஏறி அவிஞ்சுபோயிரும். நம்பர் மட்டும் அப்படியே காப்பியடிச்சுக் குத்துனது."

"அடப்பாவி, கள்ளச் சரக்கா?" சென்னிமலைக்கும் கோபம் ஏறிவிட்டது. "இல்லாத பேட்டண்ட்டை இருக்கறதாக் குத்துறது பெரிய குத்தமுங்க. வாங்க, டேசனுக்குப் போலாம். செஞ்சவன் யாருன்னு நாலு அறை உட்டா இவனே கக்கிருவான்."

"போலீசெல்லாம் எதுக்குங்க? இவனை நான் பாத்துக்கறேன். நீங்க போங்க."

தாம் எடுத்து வைத்திருந்த டார்ச்சை மேசையிலேயே போட்டுவிட்டு, பங்காருவை முறைத்தபடி சென்னிமலை இறங்கிப் போனார்.

"வாயில என்ன கொழுக்கட்டையா?" பொங்கியண்ணன் மறுபடி பங்காருவின் சட்டையைப் பிடித்து உலுக்கினார். "என்ற புள்ளைகிட்ட என்னடா சொல்லி வித்தே?"

சென்னிமலை தெருமுனையில் திரும்பும்வரை பங்காரு பார்த்துக்கொண்டே இருந்தான். அப்புறம்தான் வாயைத் திறந்தான்.

"அவிய உங்க புள்ளைன்னு எனக்குத் தெரியாதுங்க. 'நம்பர் இருக்குதுங்க அம்மணி, கண்ணை மூடிட்டு வாங்கலாம்'னு சொன்னேன். கணபதி ஊர்ல உங்க பட்டறையில செஞ்ச மொத டார்ச்சுப் பெட்டியை இங்க கொண்டாந்து எறக்குனப்ப, நீங்க எப்படிச் சொல்லச் சொன்னீங்களோ, அப்படியேதானுங்க சொன்னேன்."