மீன்கொத்தி குதிக்காத நாள்

ஓடையின் மேல் சாய்ந்திருந்த கருவேல மரக் கிளையில் ஒரு மீன்கொத்தி உட்கார்ந்திருந்தது. கீழே தண்ணீரே தெரியவில்லை. கரைக்குக் கரை பச்சைப் பாசி மூடிக் கிடந்தது.

"கொஞ்சம் விலகேன். அந்தக் கெண்டையைப் பார்த்து ரொம்ப நாளாச்சு" என்றது மீன்கொத்தி.

"பார்த்தா தின்னுடுவே" என்றது பாசி.

"முன்னே தின்னத்தான் தேடினேன். இப்போ அது உசிரோட இருக்குன்னு தெரிஞ்சாலே போதும்."

"நான் என்ன பண்ணட்டும்? மழையோட போட்டாத்தான் பயிர் பிடிக்கும்னு, மேட்டு வயல் பேச்சியம்மா மேகம் கறுத்தாலே ஓடி வந்து யூரியாவைத் தூவுறா. மழை அதைக் கழுவிக் கொண்டாந்து எனக்கு ஊட்டுது. ஊட்டினா வளராம இருக்க முடியுமா?"

அடுத்த முறை மேகம் கறுத்தபோது, பேச்சியம்மா மூட்டையைப் பிரிப்பதற்குள் மழை கொட்டிவிட்டது. வேறு வழியில்லாமல், மழை விட்டு வயல் வடிந்த பிறகு தூவினாள். பாதி மூட்டையிலேயே பயிர் கருகருவென்று எழுந்தது. அதற்குப் பிறகு அவள் மேகத்தைக் கண்டதும் மூட்டையோடு வயலுக்கு ஓடவில்லை.

பாசி பசியில் மெலிந்தது. ஒரு காலையில் அது நடுவே கிழிந்து, அடி மணல் வரைக்கும் வெயில் இறங்கியது. அந்த வெயிலில் கெண்டை ஒல்லியாக, மேலே பார்த்தபடி நின்றது.

மீன்கொத்தி சிறகை ஒடுக்கியது. அலகைத் தாழ்த்தியது. அப்படியே இருந்தது.

"என்ன, குதிக்கலையா?" என்றது கெண்டை.

"நாளைக்கு" என்றது மீன்கொத்தி. "இன்னிக்கு உன்னைப் பார்த்துட்டு மட்டும் இருக்கேன்."